ஏழு வேலை பார்த்தவர்

மேடையேறியதும் முதலில் கோட்டைக் கழற்றுவார். பிறகு சட்டையின் வலது கையை முழங்கைவரை மடித்துத் தழும்பைக் காட்டுவார். "லாண்டரியில இஸ்திரிப்பெட்டி பட்டது. நாலு வருஷம் நின்னேன் அங்க!" உண்மையில் அது பைக் சைலன்சர் சுட்ட தழும்பு.

இளைஞர்களுக்கு முன்னேறும் வழி சொல்வது அவர் பிழைப்பு. "ஏழு வேலை பார்த்து மேல வந்தவன் நான்" என்பது பல்லவி. ஏழு என்ற கணக்கு மட்டும் நிஜம். சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தது ஒன்பது நாள். ஒரே படத்தை ஓட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். காவலாளியாக இரண்டு வாரம், பெரும்பாலும் நாற்காலியில். பழக்கடையில் அரை நாள். வாசனைக்குத் தலை வலித்ததாம். லாண்டரியில் ஆறு நாள். மற்ற மூன்றும் அவருக்கே ஞாபகமில்லை. எந்த வேலைக்கும் வளையாத உடம்பு, வேலையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அழகாக வளைந்துகொடுத்தது.

லாண்டரியில் நாலு வருஷம் நின்றது அவருடைய அக்கா. தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். இன்று மூன்று இயந்திரங்கள் போட்டுச் சொந்தமாக நடத்துகிறாள். ஒரு நாள் தம்பியின் பேச்சை முதல்முறையாகக் கேட்க, அவர் பேசவந்த கல்லூரி மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பட்டன் அறுந்ததுக்கு முதலாளி எல்லார் முன்னாடியும் திட்டினார். கண்ணீர் சட்டை மேல விழுந்துச்சு. அந்த ஈரத்தையும் நானே தேச்சேன்!"

கைதட்டல். அக்காவுக்குக் காதெல்லாம் சுட்டது. என்றோ சாப்பிடும்போது தம்பியிடம் அவள் சொன்னது அது. ஒரு வார்த்தை மாறவில்லை.

சாயங்காலங்களில் லாண்டரியில் வேலை செய்து படிக்கும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், காலர்ல படியற மஞ்சள் கறை போகவே மாட்டேங்குது. நீங்க என்ன செய்வீங்க?"

அவர் மைக்கை வாய்க்கு அருகே இழுத்தார். பிறகு விரலை உயர்த்தினார். "கறையைப் பாக்காதம்மா, கனவைப் பாரு!"

மண்டபம் அதிர்ந்தது. மாணவி அதே முகத்தோடு உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் அக்கா நேராக அவளிடம் போனாள். "நனைக்கறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியத் தடவி அரை மணி நேரம் விடு. கறை போறவரைக்கும் பெட்டி போடாத. சூடு பட்டா அங்கேயே உக்காந்துடும்." பெண்ணின் முகம் மலர்ந்தது.

பின்னால் மாலையோடு வந்து நின்ற தம்பியை அக்கா திரும்பிப் பார்த்தாள். "நாலு வருஷமாடா நின்ன?"

அவர் முகம் கொஞ்சமும் வாடவில்லை. விழா அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவை சொல்லுக்கா. சூடு பட்டா?"