ரேசரின் ஓரத்துப் பல்

பட்டறையில் அவருக்குப் பெயர் ‘கன்னம்’. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் வாங்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் “கன்னம் அண்ணே, அந்த அரத்தைத் தாங்க” என்பதுதான் வழக்கம். அந்தப் பெயரைக் கேட்டு அவர் மார்பை நிமிர்த்திய காலமும் உண்டு. அதே பெயரைக் கேட்டுக் கூனிக் குறுகிய காலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு ரேசர்.

அப்போதெல்லாம் சவரம் என்றால் மடக்குக் கத்திதான். நீளமாக, திறந்த வாயோடு இருக்கும். வழிக்கும்போது ஒரு தும்மல் வந்தால் போச்சு. அதனால் துணிச்சல் உள்ளவன் தானே வழித்துக்கொள்வான், மற்றவன் முடிதிருத்தும் கடைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பான். கத்தரிக்கோலும் பேனாக்கத்தியும் செய்துகொண்டிருந்த முதலாளிக்கு இந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க ஒரு யோசனை வந்தது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். ஒரு குட்டி மண்வெட்டி மாதிரி இருந்தது அது. கைப்பிடி, அதன் தலையில் பித்தளைச் சட்டம், சட்டத்தில் ஒரு துண்டுக் கத்தி. கத்தியின் விளிம்புக்கு முன்னால் சீப்பு போலப் பற்கள் வரிசையாக நிற்கும். பற்கள் தோலை அழுத்திப் பிடிக்கும், முடி மட்டும் இடுக்கு வழியாக உள்ளே போய்க் கத்தியிடம் மாட்டும். தோல் தப்பிக்கும்.

அந்தப் பற்களை அரத்தால் ராவி அறுத்து எடுக்கும் வேலை நம்மவருக்கு வந்தது. அவருடைய கையைப் பற்றி அவருக்கே ஒரு கர்வம் இருந்தது. இருக்காதா பின்னே, அவர் ராவிய சட்டத்தில் அளவு பார்க்க வந்தவன் அளவுகோலைத்தான் சந்தேகப்படுவான். பற்களை ஒரே உயரத்தில் அறுத்து முடித்தவர், தள்ளி நின்று பார்த்தார். இரண்டு ஓரத்திலும் இருந்த கடைசிப் பல் கோரைப்பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்பதாக அவருக்குப் பட்டது. அழகாக இல்லை. இரண்டையும் கொஞ்சம் குறைத்து, முனையை உருட்டிவிட்டார். முதலாளி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்பதான்யா லட்சணமா இருக்கு” என்றார்.

அந்தப் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. எவன் செய்தானோ அவனே முதலில் பயன்படுத்த வேண்டும். கத்தரிக்கோல் செய்தவன் துணி வெட்டிக் காட்டுவான். ரேசர் செய்தவன் வீட்டில் வழித்துக்கொண்டு, காலையில் அந்த முகத்தோடு வந்து நிற்க வேண்டும். முதலாளி புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். அதுதான் பரீட்சை. அதற்கு மேல் ஒரு பரீட்சை கிடையாது.

வீட்டுப் பின்கட்டில் கண்ணாடியை ஆணியில் மாட்டி, நுரையைப் பூசி, நம்மவர் வழிக்க ஆரம்பித்தார். கன்னம் வழுவழுவென்று வந்தது. சிரிப்புக்கூட வந்தது. கீழே இறக்கி, உதட்டின் இடது ஓரத்துக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கு வந்தபோது சுரீர் என்றது. நுரை சிவந்தது. கை வழுக்கிவிட்டது என்று நினைத்தார். அடுத்த தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்தார், அதே இடத்தில் மறுபடியும் கிழித்தது.

இதைப் போய் முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவருக்கு ஓடியது வேறு நினைப்பு. இத்தனை வருஷம் அரம் பிடித்த கை, ஒரு சோப்பு நுரையில் தடுமாறிவிட்டது என்று தெரிந்தால் பட்டறையே சிரிக்குமே, மானம் கப்பலேறுமே என்று பயந்தார். ஆகவே பூசி மெழுகினார். காயம் ஆறும்வரை உடம்பு சரியில்லை என்று வீட்டில் கிடந்தார். பிறகு ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சந்துக்குள் இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போய், பழைய மடக்குக் கத்தியால் வழித்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார்.

முதலாளி தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அந்த மனுஷனுக்கு.

“டேய், எல்லாரும் வாங்கடா. இந்தக் கன்னத்தைத் தொட்டுப் பாருங்க!”

எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். பெயர் அன்றைக்கு வந்ததுதான். கடைக்காரர்கள் வந்தால் அவரை முன்னால் நிறுத்துவார்கள், அவர்களும் தொட்டுப் பார்ப்பார்கள். ரேசர் டப்பாவின் மூடியில் ஓவியர் ஒருவரை வைத்து அந்தக் கன்னத்தையே வரைந்து, ‘கண்ணை மூடிக்கொண்டு வழிக்கலாம்’ என்று கீழே அச்சடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கன்னம் அவருக்குச் சொந்தமாக இல்லை. சந்துக் கடைக்கும் போகாமல் இருக்க முடியவில்லை.

சந்துக் கடைக்காரர் வாயாடி. “நம்ம பொழப்புல மண்ணைப் போட ஏதோ ரேசர் வந்திருக்காமே, பாத்தீங்களாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே வழிப்பார். நம்மவர் “ம்” என்பார். கத்தி கழுத்தில் இருக்கும்போது வேறு என்ன சொல்ல? ஒருநாள் அந்தக் கடைக்காரர் ரேசர் டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தையும் நாற்காலியில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லாத்தான் வழிச்சிருக்கேன்” என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது நம்மவருக்கு.

ரேசர் விற்றது. குறை என்று ஒருவரும் வரவில்லை. “ஒரு ஆளாவது வாயைத் திறந்தானா?” என்று முதலாளி பெருமை பேசுவார். நம்மவரும் அதை நம்பத் தொடங்கினார். கத்தி நல்ல கத்திதான், தன் கைதான் அன்றைக்குச் சொதப்பிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தைரியத்தில்தான் ஒரு டப்பாவை வீட்டில் இருந்த மாமனாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மாமனார் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஈய எழுத்துகளைப் பார்க்காமலே பொறுக்கி அடுக்கிய கை அது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. வேலையை விட்டு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு தலையும் லேசாக ஆடும். முடிதிருத்தும் கடையில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வழிக்க வேண்டும். பலகையில் காத்திருக்கும் கூட்டம் வேடிக்கை பார்க்கும். அதை நினைத்தாலே அவருக்கு முகம் சுண்டிவிடும்.

“இதை வெச்சு நீங்களே வழிச்சுக்கலாம் மாமா. கை ஆடினாலும் பல்லு பாத்துக்கும்” என்றார் மாப்பிள்ளை.

அடுத்த நாள் காலையில் மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்தார். துண்டில் சிவப்பு.

“ஒண்ணுமில்ல மாப்ள. கத்தி தங்கமான கத்தி. என் கைதான்… இந்தக் கை எதுக்கும் ஆகாமப் போயிடுச்சு.”

அதன் பிறகு ரேசரைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டார். தாடி வளர்ந்தது. சாயங்காலம் அச்சக வாசல் பெஞ்சில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவருக்கு இருந்த ஒரே சுகம், அதற்கும் போவதை நிறுத்தினார். காபி டம்ளரைக்கூட யாரும் பார்க்காதபோதுதான் எடுத்தார்.

“என்னங்க, அப்பா ரூமை விட்டு வெளிய வரதே இல்ல. நீங்க கொஞ்சம் பேசுங்களேன்” என்றாள் மனைவி.

பேசப் போனார். ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்த மாமனாரின் முகத்தில், தாடிக்கு நடுவே ஒரு சின்னக் கோடு தெரிந்தது. உதட்டின் இடது ஓரத்துக்குக் கீழே இருந்த பள்ளத்தில். நம்மவரின் விரல் தானாகத் தன் முகத்தில் அதே இடத்துக்குப் போயிற்று.

கை நடுங்காத அவருக்கும் அங்கேதான் கிழித்தது. கன்னம் தட்டை, அங்கே எல்லாப் பல்லும் ஒன்றாகப் படியும். அந்தப் பள்ளத்தில் தோல் பக்கவாட்டில் புகுந்துவிடும். அங்கே காவல் நிற்க வேண்டியது ஓரத்துப் பல். அதைத்தான் லட்சணமாக இல்லை என்று அவர் குறைத்திருந்தார். கத்தியின் மூலை அங்கே வெறுமனே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் அவருக்கு முகங்கள் தெரியவில்லை, மோவாய்கள்தான் தெரிந்தன. தபால் கொடுக்கிறவருக்கு அங்கே ஒரு கோடு. மளிகைக் கடைக்காரருக்கு ஒரு தழும்பு. பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பஞ்சு. ஒவ்வொருவரும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார்கள். அவர் மூடிய மாதிரியே. வெட்கக்கேடு என்னவென்றால், இது தெரிந்த பிறகும் அவர் உடனே வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே சந்துக் கடைக்குப் போய்வந்தார். அப்போதுதான் முதலாளி பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துவந்தார். இனி ஒவ்வொன்றாக ராவ வேண்டாம், அச்சு செய்து வார்த்துவிடலாம், நாளைக்கே அச்சுக்காரர் வருகிறார் என்றார். அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் ஓரத்துப் பல் ஊர் ஊராக அப்படியேதான் போகும்.

மறுநாள் காலை அவர் சந்துக்குப் போகவில்லை. மேல்தட்டிலிருந்து ரேசரை எடுத்துக்கொண்டு, மாமனாரின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“மாமா, கொஞ்சம் பாருங்க.”

நுரையைப் பூசினார். கன்னம் வழுவழுவென்று வந்தது. பள்ளத்துக்கு வந்தது கத்தி. கை துளிகூட ஆடவில்லை. சுரீர் என்றது.

“ஐயையோ மாப்ள, ரத்தம்!”

“எந்த இடம்னு பாத்தீங்களா?”

மாமனாரின் விரல் நடுங்கியபடி தன் தாடிக்குள் போயிற்று. “எனக்கும் இங்கதான்…”

“முதல் நாளே எனக்கும் அங்கதான் மாமா. அழகா இருக்கட்டும்னு ஓரத்துப் பல்லை நான்தான் குறைச்சேன். கிழிச்சதை வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் இந்தக் கத்தியை நான் மூஞ்சியில வெக்கவே இல்ல. சந்துக் கடையில வழிச்சுக்கிட்டுப் போய்தான் கன்னத்தைக் காட்டினேன். அந்தக் கத்தியைத்தான் உங்க கையில கொடுத்தேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தார். முகத்தில் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். மாமனார் தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப, என் கை இல்லையா?”

“இல்ல மாமா.”

“நெஜமாவா?” கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. “என் கை இல்லியா மாப்ள?”

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நம்மவர் எழுந்து பட்டறைக்கு நடந்தார்.

அங்கே அச்சுக்காரர் முன்னால், வழக்கம்போல முதலாளி கையை நீட்டிக்கொண்டு வந்தார். மோவாயில் பஞ்சைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. எல்லோரும் கேட்கும்படி நம்மவர் சொன்னார். சந்துக் கடை உட்பட எதையும் விடவில்லை.

“இதைச் சரி பண்ண என்னய்யா செய்யணும்?” என்றார் முதலாளி.

“ஒண்ணும் செய்ய வேண்டாங்க. அந்தப் பல்லைக் குறைக்காம விட்டாலே போதும்.”

முதலாளி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. விற்ற ரேசர்களை மாற்றித் தருவதாகக் கடைகளில் அட்டை எழுதி மாட்டச் சொன்னார். மாற்ற வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முகத்தில் கீறிக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஆனால் அதற்குப் பிறகு முதலாளி அவருடைய கன்னத்தை ஒருபோதும் தொட்டுப் பார்க்கவில்லை. கன்னம் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

பட்டறையில் உண்மையைச் சொன்ன அன்று சாயங்காலம் நம்மவர் வீட்டுக்கு அச்சகத் தெரு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. வாசல் பெஞ்சில் தாடியோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பழைய கூட்டாளிகள். நடுங்கும் கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார்.

“என் கை இல்லப்பா, கத்திதான்! எங்க மாப்ள தன் மூஞ்சியைக் கிழிச்சுக் காட்டினாரு. அவரு மாதிரி நேர்மையான ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

நம்மவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பெஞ்சுக்காரர்கள் கலைந்து போகும்வரை அங்கேயே நின்றார்.