மூன்று நல்லது சொல்லிவிட்டுப் பேசவும்

முதலாளியைப் பிடிக்காமல் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர், கொஞ்ச காலத்தில் அந்த முதலாளியாகவே எப்படி மாறிவிடுகிறார்? இது என் சித்தி என்னிடம் கேட்ட கேள்வி. பள்ளி முடித்த கையோடு, சித்தியும் சித்தப்பாவும் நடத்திய பட்டறையில் பை மடித்து அடுக்கும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.

சித்தப்பா முன்பு ஒரு பெரிய பைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அங்கே முதலாளிக்குக் கண்ணாடி அறை. மட்டமான துணி வருகிறது என்று சித்தப்பா போய்ச் சொன்னால், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

"குறையைச் சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிற ஆளுகிட்ட மனுஷன் வேலை பார்ப்பானா?" என்று ஒருநாள் வீட்டில் வந்து கத்தினார். வேலையை விட்டார். சித்தியின் தையல் மெஷினை ஒரு வாடகைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய், இருவருமாகப் பள்ளிப் பைகள் தைக்கத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் அவர் உருப்படியான ஆள்தான். தைத்த பைக்குள் செங்கல்லைப் போட்டு, கூரைக் கொக்கியில் மாட்டி, வார் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அறுந்து விழுந்தால் சித்தி திட்டுவார். சித்தப்பா சிரித்துக்கொண்டே பிரித்துத் தைப்பார்.

தொழில் வளர்ந்தது. ஆட்கள் சேர்ந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். யாரோ நடத்திய தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார்.

"நம்ம கம்பெனிக்கு ஒரு கலாச்சாரம் வேணும்" என்றார்.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 'நாம் ஒரே குடும்பம்' என்ற அட்டை அந்தக் கதவிலும் ஒட்டப்பட்டது. தாழ்ப்பாள் வரவில்லை. அவருக்கு மட்டும் மூலையில் ஒரு கண்ணாடி அறை வந்தது. குடும்பத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கத்தானாம்.

காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். குறை சொல்ல நினைப்பவர் முதலில் நிறுவனத்தைப் பற்றி மூன்று நல்லது சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்ட வேண்டும். அப்புறம்தான் குறை. ஊசி உடைந்ததைச் சொல்ல வந்த தையல்காரர் ஒருவர், விசிறியைப் பாராட்டி, வெளிச்சத்தைப் பாராட்டி, வேறு ஒன்றும் கிடைக்காமல் சித்தப்பாவின் சட்டையைப் பாராட்டினார். சித்தப்பா நெகிழ்ந்துபோய், அவர் ஊசியைப் பற்றிப் பேசுமுன்னே கூட்டத்தை முடித்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு பெரிய பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. சரியாகச் செய்தால் ஆண்டுதோறும் எங்களுக்கே. சொதப்பினால் மற்ற பள்ளிகளும் எங்கள் பக்கம் திரும்பாது. அந்த ஆர்டருக்கென்று வாங்கிய புது நூலோ படுமட்டம். வாரைக் கையால் இழுத்தாலே தையல் பிரிந்தது. பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் பையைத் தொட்டு நாளாகியிருந்தது.

ஒருநாள் காலை வட்டத்தில் சித்தி பேசினார்.

"இந்த நூல் ஆகாது. மாத்துங்க."

"முதல்ல மூணு நல்லது" என்றார் சித்தப்பா.

"ஏங்க, விளையாடுறீங்களா?"

"இங்க நான் உன் புருஷன் இல்ல, நிறுவனர்."

"நல்லவேளை. சரி, ஒண்ணு, விசிறி சுத்துது. ரெண்டு, நான் இன்னும் இங்கதான் இருக்கேன். மூணாவதுக்கு ஒரு வாரம் டைம் குடுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவின் முகம் சுருங்கியது. எதிர்மறை எண்ணம் தொற்றுநோய் மாதிரி என்று நீட்டி முழக்கினார். கடைசிவரை நூலைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பை மடிக்கும் மேசைக்கு வந்துதான் சித்தி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பைகள் போயின. பள்ளி திறந்த வாரமே வார் அறுந்து திரும்பி வந்தன. வாசலை அடைத்துக் குவிந்து கிடந்த பைகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. இனி ஆர்டர் இல்லை என்று பள்ளி சொல்லிவிட்டது.

சித்தப்பா எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார்.

"இவ்வளவு பேர் இருக்கீங்க. ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

சட்டையைப் பாராட்டியவர்தான் வாயைத் திறந்தார்.

"சொல்லத்தான் வந்தோம் சார். நல்லது ரெண்டுக்கு மேல கிடைக்கல."

அந்த இடத்திலாவது சித்தப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும். "நம்ம கலாச்சாரம் இன்னும் உங்க மனசுக்குள்ள போகல. நாளையிலிருந்து அஞ்சு நல்லது" என்றார்.

சித்தி தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த தெருவில் ஓர் அறை பிடித்தார். தையல்காரர்கள் சிலர் பின்னாலேயே போனார்கள், நானும் போனேன். அங்கே காலையில் சித்தி கேட்கும் முதல் கேள்வி, "நேத்து எது பிரிஞ்சுது?" கைதட்டல் கிடையாது. சில நாள் சண்டைகூட வரும். பைகள் திரும்பி வருவதில்லை.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். "குடும்பத்தை உடைச்சிட்டா" என்று சித்தப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறார். பட்டறையில் பாதி மெஷின்கள் மூடிக் கிடக்கின்றன. அவரோ இப்போது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார், ஊழியர்களைக் குடும்பமாக்குவது எப்படி என்று! கேட்பவர்கள் குறிப்பு வேறு எடுத்துக்கொள்கிறார்களாம்.

அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தொழில் தொடங்கி, சுவரில் வாசகம் ஒட்ட ஆரம்பித்திருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் கோபப்பட்டால் அவரிடம் வேலை பார்ப்பவர்களிடம் கொடுங்கள்.