எந்த மொழியை விடலாம்?

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்கு 'ரெட்டைக் காது' என்று பெயர். பதறியடித்துப் பேசுபவரிடம் வீட்டு மொழியில் விலாசம் வாங்கியபடியே ஓட்டுநருக்கு, பிழைக்க வந்த ஊரின் மொழியில் வழி சொல்வாள். பதினாறு வருடத்தில் ஒரு தெருகூட மாறியதில்லை. அப்படிப்பட்டவளின் மண்டைக்குள் கட்டி வந்து குடியேறினால் யாரைத் திட்டுவது?

"நீங்க ஒரு மொழி பேசும்போது இன்னொண்ணு தூங்காது," என்று ஊர் மொழியில் விளக்கினார் மருத்துவர். "மூளை அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். உங்க கவனம் அப்படிப் பழகினதுதான். ஆனா ரெண்டுக்கும் சில இடங்கள் தனித்தனி. கட்டி அங்க ஒட்டியிருந்தா, முழுசா எடுக்க ஒரு மொழியை விடவேண்டி வரலாம். எதை விடலாம்?"

கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊர் மொழியில் 'மேலே', 'கீழே' தாண்டி நாலு வார்த்தை தேறாது. ஆனால் ஊர் மொழி போனால் அவள் வேலையும் போச்சு. வீட்டு மொழியை விடலாம் என்று கையெழுத்துப் போட்டாள். கணவரிடம் மூச்சு விடவில்லை.

அறுவைச் சிகிச்சையின்போது அவள் விழித்திருந்தாள். வலியில்லை. இரு மொழியும் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் படங்களைக் காட்ட, இரண்டிலும் பெயர் சொல்ல வேண்டும். மருத்துவர் மெல்லிய மின்முனையால் மூளையைத் தொட்டுக்கொண்டே வந்தார்; தொட்ட இடம் அந்த நொடிக்கு மட்டும் மரத்துப்போகும். சாவி, சொன்னாள். செருப்பு, சொன்னாள். அடுத்த படத்துக்கு ஊர் மொழியில் பட்டென்று பெயர் வந்தது. வீட்டு மொழியில் வாய் திறந்தது, வார்த்தை இல்லை. கைப்பிடி தெரிகிறது, மழை தெரிகிறது, பெயர் மட்டும் துடைத்துவிட்டாற்போல் காணோம்.

முனை விலகியது. "குடை! குடை!" என்று அலறினாள்.

"இந்த இடம்தான். இதுக்கடியில கட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றார் மருத்துவர். "கடைசியா கேக்குறேன். எடுத்துடவா?"

விட்டால் மறுபடி வளரலாம். எடுத்தால், வீட்டில் கணவர் "சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது அவள் திருதிருவென்று முழிப்பாள்.

"வேணாம்," என்றாள், வீட்டு மொழியில். மருத்துவருக்குப் பயிற்சியாளர் எடுத்துச் சொன்னார்.

மறுநாள் வார்டில் கணவர் கேட்டார். "முழுசா எடுத்தாச்சுல்ல?"

"இல்லீங்க. கொஞ்சம் விடச் சொன்னேன். எடுத்தா உங்க பேச்சு எனக்குப் புரியாமப் போயிருக்கும்."

"பைத்தியமா உனக்கு? கையைக் காலை ஆட்டியாவது காலத்தை ஓட்டியிருப்பேனே! உயிரைவிட என் பேச்சா பெருசு?" கத்திக்கொண்டே அழுதார்.

அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.