அது நித்திரை இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், மாரி தொடங்கியிருந்த ஒரு காலை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நானும் அக்காவும் மட்டும் குடியிருந்தோம். அக்காவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. சிறுநீரகமும் சற்றுப் பழுது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாட்களாகக் காய்ச்சல், குமட்டிக் குமட்டிச் சத்தி, ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் சீனிக் குளிசையை மட்டும் நான் தவறாமல் எடுத்துக்கொடுத்தேன். மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன்.

அன்று எழுந்ததும் அக்கா பொருந்தாமல் கதைத்தார். உடம்பெல்லாம் வியர்வை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதென்று விளங்கி, இனிப்பாகத் தேத்தண்ணீர் பருக்கினேன். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "இனி ஒண்டுமில்லை, நீ உன்ரை வேலையைப் பார்" என்று சொல்லிப் படுத்தார். நான் கதவை வெளியே பூட்டிவிட்டு, சத்திக்கு மருந்து வாங்கச் சந்திக்குப் போனேன்.

மழை பிடித்துக்கொண்டது. மருந்துக்கடையிலேயே ஒரு மணி நேரம் நிற்கவேண்டியதாயிற்று. கடையிலிருந்த பெண் எனக்குப் புதியவர். பொழுது போகட்டுமென்று காலையில் நடந்ததைச் சொன்னேன். அக்காவை நானே தெளியவைத்த பெருமை வேறு. அவர் முகம் மாறியது.

"என்ன குளிசை? சிறுநீரகத்தில பிரச்சினை இருக்கோ?"

"ஓம், கொஞ்சம் இருக்கு."

"இப்ப ஆர் பக்கத்தில நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நித்திரை கொள்ளுறா."

"அது நித்திரையெண்டு எப்பிடித் தெரியும்? குடிச்ச தேத்தண்ணி முடிஞ்சிருக்கும். குளிசையின்ரை வேலை முடிஞ்சிருக்காது."

கடையைச் சாத்திவிட்டு அவரும் என்னோடு மழையில் ஓடிவந்தார். என்னிடம் சாவியை வாங்கிக் கதவை அவர்தான் திறந்தார்.

அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், உலுக்கினேன், கண் திறக்கவில்லை. சீனியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஓடிவந்தேன். "வாயில ஊத்தாதேங்கோ! மூச்சுக்குள்ள போயிடும்" என்று அந்தப் பெண் தடுத்தார். அக்காவை ஒருக்களித்துக் கிடத்தி, அம்புலன்சுக்குச் சொன்னார். அது வரும்வரை அக்காவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு, அடுத்தது வருமோ என்று பயம்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் அக்கா கண் விழித்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று அப்போதும் கேட்டேன்! டாக்டர் விடவில்லை. கல்லீரல் அந்தக் குளிசையை வேறு பொருட்களாக மாற்றினாலும், அவற்றிலும் சீனியைக் குறைக்கும் வீரியம் மிச்சமிருக்குமாம். அவற்றை வெளியேற்றச் சிறுநீரகத்தால் ஏலாவிட்டால் உடம்பிலேயே சேருமாம். சொன்னபடியே அடுத்த நாள் மாலைக்குள் இரண்டு தரம் சீனி திரும்ப விழுந்தது. கட்டிலடியில் நின்று பார்த்தேன். அந்தக் குளிசைகள் எல்லாம் என் கையால் கொடுத்தவை.

அக்கா பிழைத்து வந்தார், என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் இது உள்ளே போய் என்னவாகும், எப்போது உடம்பை விட்டுப் போகும் என்று கேட்டறியாமல், ஒரு குளிசையையும் அவரிடம் நீட்ட இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.