போர்வெல் முடிச்சும் ஒரு கொடுவா மீனும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். இலஞ்சிக் குளத்தங்கரையில் உட்கார்ந்து, மாவு உருண்டையை முள்ளில் குத்தி ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறவன் நான். பிடித்த மீனைவிடக் கரைத்த மாவு அதிகம். அப்படிப்பட்டவன், கொல்லத்துப் பக்கம் கடல் முகத்துவாரத்துக்குப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்கவைக்கும் ஒரு மலையாளியிடம் போனில், “உப்புத் தண்ணியில நல்ல பழக்கம் சார்” என்று சொன்னேன். உப்புத் தண்ணீரில் எனக்கிருந்த பழக்கமெல்லாம் திருச்செந்தூரில் முழங்கால் வரை இறங்கிக் குளித்ததுதான்.

அந்த மனிதர் தெளிவாகத்தான் சொன்னார். “புதிய ஆளை எடுக்கில்ல சாரே. அவிடே ஒழுக்கு ஜாஸ்தி. போட்டைப் பாக்கவும் ஆளைப் பாக்கவும் எனக்குக் கை போதாது.”

ஒழுக்கு என்றால் நீரோட்டம். செங்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்ப் போய் அந்த அளவு மலையாளம் எனக்கு வரும்.

“முடிச்சு போட அறியுமோ?”

“அதான் சார் என் தொழிலே.”

இது மட்டும் பொய் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டார் இறக்குவதும், கெட்டுப்போனால் தூக்குவதும்தான் என் பிழைப்பு. அச்சன்புதூரிலிருந்து ஆய்க்குடி வரைக்கும் தென்னந்தோப்புகளில் என் கயிற்றில் தொங்குகிற மோட்டார்கள் ஏராளம். என் முடிச்சு அவிழ்ந்து எந்த மோட்டாரும் குழிக்குள் விழுந்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கடல்வரை கொண்டுபோனது.

பொய் சொன்னது எனக்காக இல்லை, என் மனைவியின் தம்பிக்காக. அவன் பட்டாளத்தில் இருக்கிறான். சில வருஷம் அந்தமானில் இருந்தபோது தூண்டில் பைத்தியம் பிடித்துவிட்டது. அங்கே ஒரு கொடுவா மீன் அவன் தூண்டிலில் மாட்டி, படகுக்குப் பக்கத்தில் வந்து, முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டதாம். அதற்கப்புறம் அவனைத் தூக்கி வடக்கே பனிமலை ஓரம் போட்டுவிட்டார்கள். அங்கே மீனுக்குப் பதில் பாறைதான் உருளும். ஒவ்வொரு லீவுக்கும் அந்தக் கொடுவா கதையைச் சொல்வான். தனக்குப் பெண் பார்த்த கதையைக்கூட அவன் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. லீவெல்லாம் காதுகுத்திலும் கல்யாணத்திலும் கரைந்துவிடும். போன கார்த்திகையில் ஒரே ஒரு நாள் மிச்சம் விழுந்தது. மறுநாள் ரயில். அந்தப் படகுக்காரர் இரண்டு பேராக வந்தால்தான் படகை எடுப்பார். அவன் வீட்டில் சுற்றும் முற்றும் பார்த்தான். நான்தான் இருந்தேன்.

“அத்தான், நீங்க சும்மா கூட இருந்தாப் போதும். நான் பாத்துக்கிடுதேன்.”

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் மாடியில் உட்கார்த்திவைத்து எனக்கு அவன் முடிச்சுப் பாடம் நடத்தினான். ரீலில் சுற்றியிருப்பது மெல்லிய பின்னல் நூல். அதன் முனையில் தடித்த நைலான் நரம்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மீனின் செவுள் ஓரம் பிளேடு மாதிரி, அதைத் தாங்குவதற்கு. நரம்பின் மேல் நூலைச் சடை பின்னுவதுபோல் மாற்றி மாற்றிச் சுற்றினான். முடிவில் தடவிப் பார்த்தால் முடிச்சு இருக்கிற இடமே தெரியவில்லை.

“இது என்ன மாப்ள, கைக்கே அம்புட மாட்டேங்கு? மோட்டார் குழியில என் முடிச்சு பாத்திருக்கியா? யானையக் கெட்டலாம்.”

“மீனைக் கெட்ட வேண்டாம் அத்தான், பிடிச்சாப் போதும்.”

அதற்குள் ஒரு தோப்புக்காரர் போனில், மோட்டார் உறுமுகிறதே தவிரத் தண்ணீர் வரவில்லை என்று புலம்ப ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். முடிச்சு ஏன் மெல்லிசாக இருக்க வேண்டும் என்று அவன் அப்போதுதான் விளக்கினானாம். துணி எடுக்க மாடிக்கு வந்த என் மனைவி முழுசாகக் கேட்டிருக்கிறாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

விடியுமுன் கிளம்பினோம். புளியரை தாண்டும்வரை முன்னும் பின்னும் ஐயப்ப சாமிகளின் வேன்கள். டீக்கடையில் ஒரு சாமி, தூண்டில் கம்பு வைத்திருந்த நீளக் குழாயைப் பார்த்து, “இதுல என்ன சாமி கொண்டு போறீங்க?” என்று கேட்டார். “பாவம், சாமி” என்றேன். என் மச்சினன் சிரிக்கவில்லை. அவன் மனசு ஏற்கெனவே மலையைத் தாண்டிவிட்டிருந்தது.

முகத்துவாரத்தில் ஆறும் கடலும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவரை ஒட்டிப் படகு ஒதுங்கி நின்றது. படகுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் உயிர்காப்பு உடுப்பைத் திருப்பிப் போட்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் என்னை நடுவில் உட்காரவைத்தார்.

“சார் அனங்காதெ இருந்தால் மதி.”

அசையாமல் இருந்தால் போதுமாம்.

மச்சினன் நின்றுகொண்டு பொய்மீனை வீசினான், இழுத்தான், வீசினான். அதைப் பார்ப்பதே அழகாக இருந்தது. மீன்களுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. வெயில் ஏறிய பிறகு படகுக்காரர் யோசனையை மாற்றினார். உயிருள்ள இறாலை முள்ளில் மாட்டி, படகோரமாகவே இறக்கி, ஓட்டத்தோடு மெல்ல விட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்கு வைத்திருந்த இன்னொரு கம்பின் நரம்பு கல்லில் உரசி நைந்திருந்தது. புதுசு கட்ட வேண்டும். படகுக்காரர் என்ஜினில் இருந்தார். மச்சினன் வீசுவதை நிறுத்த மனமில்லாமல், திரும்பாமலே சொன்னான்.

“அத்தான், அதுல நரம்பு மட்டும் கெட்டித் தாங்களேன். நேத்து காட்டுனேம்லா.”

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பான். நான் கம்பை வாங்கினேன். சடை பின்னப் பார்த்தேன். காற்றில் நூல் என் மூக்குக் கண்ணாடியைச் சுற்றியது. சரி, நமக்குத் தெரிந்ததை நாம் செய்வோம் என்று என் முடிச்சைப் போட்டேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, மேலே ஒரு பூட்டு, அதற்கும் மேலே மனத் திருப்திக்கு இன்னொன்று. பல்லால் கடித்து இறுக்கினேன். மோட்டாருக்குக் கயிறு விடும்போது தாராளமாக விட வேண்டும் என்பது எங்கள் தொழில் பழக்கம். அதனால் நரம்பையும் தாராளமாக, கம்பு நீளத்துக்கு மேலேயே விட்டேன்.

“உறுதியா கெட்டினீங்களா அத்தான்?”

“கம்பு போனாலும் முடிச்சு போவாது மாப்ள.”

இறால் இறங்கியது. என் முடிச்சும் தண்ணீருக்குள் இறங்கியது. வீசாமல் கையால் இறக்கியதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது கம்பு வளைந்தது. ரீல் அலறியது. தூரத்தில் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளி உடம்பு எழும்பி, தலையை உதறி, திரும்ப விழுந்தது. படகுக்காரர், “காளாஞ்சி” என்றார். கொடுவாவுக்கு அவர்கள் ஊர்ப் பேர் அது.  என் மச்சினன் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. பட்டாளத்தில் இருந்து வரும்போதும் போகும்போதும்கூட இல்லை.

“விடு, விடு. ஓடட்டே. இனி சுத்து” என்று படகுக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

மீன் கல் சுவரைப் பார்த்து ஓடியது. அவன் பல்லைக் கடித்துத் திருப்பினான். அது படகுக்கு அடியில் போகப் பார்த்தது. படகுக்காரர் படகையே திருப்பினார். எனக்கு ஒரு வேலையும் இல்லை. முறுக்கை மென்றால் படகு ஆடுமோ என்று வாயில் அப்படியே வைத்திருந்தேன்.

மீன் களைத்தது. பக்கத்தில் வந்தது. தண்ணீருக்குள் அதன் கண் பூனைக் கண்போல மின்னியது. படகுக்காரர் வலையை எடுத்தார். அப்போது ரீல் நின்றது.

மச்சினன் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தான். சுற்றவில்லை. எல்லோரும் கம்பின் நுனியைப் பார்த்தோம். அங்கே நூல் ஓடுகிற சின்ன வளையத்துக்குள் என் முடிச்சு பாதி நுழைந்து, மீதி நுழைய முடியாமல், கட்டெறும்புபோல் கடித்துக்கொண்டு நின்றது. உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. நான் தாராளமாக விட்ட நரம்பு அவ்வளவும் வெளியே. அதன் அடியில் மீன். கம்பைத் தலைக்கு மேல் தூக்கினான், பின்னால் சாய்ந்தான், படகின் மறுஓரம்வரை போனான். மீன் வலைக்கு ஒரு கை தூரத்தில் மல்லாந்து கிடந்தது. படகுக்காரர் மார்பு தண்ணீரில் படும்வரை குனிந்தும் எட்டவில்லை.

“நான் நரம்பைக் கையில பிடிக்கட்டா?” என்றேன்.

“அனங்காதெ” என்றார்.

இலஞ்சிக் குமாரரை வேண்டினேன். என்ன வேண்டுவது என்றும் தெரியவில்லை. முடிச்சு அவிழ்ந்தாலும் மீன் போகும், அவிழாவிட்டாலும் போகும். என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் போட்ட முடிச்சை நானே சபித்தேன்.

படகுக்காரர் கையை நீட்டி நரம்பைத் தொட்டார். அந்தத் தொடுதலில் மீனுக்கு மறுபடி உயிர் வந்தது. ஒரு திருப்பு. சாதாரணமாக நூல் ஓடி இடம் கொடுத்திருக்கும். என் முடிச்சு ஓடவிடவில்லை. கம்பு வில்லாக வளைந்தது. ‘டப்’ என்று செவுளோரத்தில் நரம்பு அறுந்தது. கம்பு நிமிர்ந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் சுழித்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

மச்சினன் அப்படியே உட்கார்ந்தான்.  கம்பின் நுனியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். படகுக்காரர் அந்த முடிச்சை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தார். பல்லால் பார்த்தார். கடைசியில் கத்தியை எடுத்தார்.

“இது ஆரு கெட்டியது?”

நான் வாயிலிருந்த முறுக்கை விழுங்கினேன். அதுவே பதிலாக இருந்தது.

அப்புறம் நீரோட்டம் நின்றுபோய்விட்டது. உள்ளங்கை அளவு பாறைமீன் ஒன்று மாட்டியது. அதை அவன் பார்க்காமலே கழற்றித் தண்ணீரில் விட்டான். திரும்பும் வழியில் என் மனைவி போன் செய்தாள். “மசாலா அரைச்சு வச்சிருக்கேன், எத்தன பேருக்குக் காணும்?” என்று கேட்டாள். “ரசம் வச்சிரு, எல்லாருக்கும் காணும்” என்றேன். தென்மலை, ஆரியங்காவு என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. குற்றாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாமிகளுக்கு நடுவில் போய் அருவிக்கடியில் நின்றான். நான் அவன் சட்டையையும் துண்டையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் தென்காசி ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவைத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ரயில் அசைய ஆரம்பித்த பிறகுதான் வாய் வந்தது.

“மாப்ள, அடுத்த லீவுக்கும் போவோம். நானும் கூட வருதேன், என்ன?”

அவன் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி ஆட்டினான்.

“வாங்க அத்தான், எதையும் கெட்டாதீங்க.”