பயந்தபடியே வைத்தியம் பார்த்த முத்துச்செல்வி

முத்துச்செல்வியின் தம்பி போன் செய்தபோது நான் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் விரல் நகரவில்லை. எடுக்காத வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பக்கத்திலிருந்த அம்மாள், அவசரமாக இருக்கப்போகிறது, எடுத்துப் பேசு என்றார். எடுத்தேன்.  "அக்கா, முடிஞ்சிருச்சு" என்றான்.

ஆட்டோ எங்கே நின்றது, நான் எப்படி இறங்கினேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் மாலைதான் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களும், அவளோடு படித்தவர்களும், எங்கள் பழைய அலுவலகத்துக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் டாக்டரம்மா. எனக்கோ பக்கத்து நாற்காலியில் இருந்த பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவர், இவர் என்று எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரங்கல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் அவளைத் துணிச்சல்காரி என்றார்கள். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு இருபத்தைந்து வயதில் மருத்துவம் படிக்கப் போனவளை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் நான் அறிந்த முத்துச்செல்வி சாகும்வரை பயந்தவள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது.

அவனியாபுரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களின் இன்சூரன்ஸ் கோப்புகளைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வேலை. நோய்களின் பெயர்கள் எங்களுக்கு அத்துப்படி. மாரடைப்புக்கு ஓர் எண், மஞ்சள்காமாலைக்கு ஓர் எண். ஆனால் மாரடைப்பு வந்த ஒரு மனிதரை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை, ராஜேந்திரன் அண்ணன் விழும்வரை.

அவர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், நாற்காலியோடு சரிந்தார். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். தூக்குங்கள் என்றது ஒரு குரல், தூக்காதீர்கள் என்றது இன்னொன்று. முத்துச்செல்வி தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு நினைவு இருந்தது. அவளையே பார்த்தபடி, "எனக்கு என்னம்மா ஆகுது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே" என்றாள் அவள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அதன்பின் பல நாட்கள் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட அவள் உடம்பு தூக்கிப்போடும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஒண்ணுமில்லண்ணேன்னு சொன்னேன்ல, எனக்கு ஒண்ணும் தெரியலங்கிறதத்தான் அப்பிடிச் சொன்னேன். அவருக்கும் அது தெரிஞ்சிருச்சுக்கா. அவரு கண்ணுல பாத்தேன்." அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு நீட் தேர்வுக்குப் படிக்கப்போகிறேன் என்றாள். துக்கத்தில் பேசுகிறாள், ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். மாடியேறி வரக் கூச்சப்பட்டுக் கீழே ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். மனிதர் வாழ்நாளில் பாதியை அடுத்தவர் வயலில் கழித்து, அப்போதுதான் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். அந்தக் குடும்பத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். நான் சொன்னால் மகள் கேட்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளையும் கீழே வரச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கெஞ்சுவது மாதிரிதான் பேசினார்.

"நெழல்ல உக்காந்து சம்பாரிக்கிற வேல தாயி. நம்ம சனத்துல யாருக்கு இது வாச்சிருக்கு? போனா திரும்ப வருமா?"

"எனக்கும் பயமாத்தான்ப்பா இருக்கு" என்றாள் அவள். "ஆனா இங்கயே உக்காந்திருக்க அதவிடப் பயமா இருக்கு. நாளைக்கு நீ வயல்ல விழுந்தா, அன்னைக்கும் நான் ஒண்ணுமில்லப்பான்னுதான் சொல்லணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அலுவலக வேலையை அவள் ஒருபோதும் மட்டமாகப் பேசியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு, நாலு மணி டீ, சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் வேலையை மறந்துவிடலாம் என்ற நிம்மதி, இதெல்லாம் பெரிய விஷயம் என்பாள். டாக்டர் ஆன பிறகும் அவற்றுக்காக ஏங்கினாள்.

முதல் முறை தேர்வில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு வருடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு அவள் போகவில்லை. இரண்டாம் முறை ஓர் அரசுக் கல்லூரியில் கிடைத்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவர்கள். அவளை அக்கா என்றார்கள். முதல் வகுப்பில் ஒரு பேராசிரியர், ஏன் மருத்துவம் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் சேவை என்றும் அப்பாவின் கனவு என்றும் சொல்ல, இவள் எழுந்து, "பயத்துல வந்தேன் சார்" என்றாளாம். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, உட்காரச் சொன்னார் என்று போனில் சொன்னாள்.

அவள் டாக்டராகித் திருமங்கலத்துக்கு அப்பால் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது. என் கணவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. ஒரு ஞாயிறு சாயங்காலம் மோட்டார் அறைக்குப் பின்னால் கிடந்த செங்கல்லைப் புரட்டியபோது பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பைக்கை ஓட்ட, அவரை நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். கால் அதற்குள் முழங்கால்வரை வீங்கியிருந்தது. வழியெல்லாம் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, பேசுங்க, பேசிட்டே வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முத்துச்செல்விதான் அன்று பணியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். என் கணவரை "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அதன்பிறகு நேராக வேலைக்குப் போனாள். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆட்டாமல் நிறுத்தி வைத்தாள். உறைந்தால் விஷம் ஏறவில்லை. உறையாவிட்டால் ஏறியிருக்கிறது என்றாள். அந்தக் குழாயை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. அவருக்கு ஈறிலிருந்தும் கசிய ஆரம்பித்திருந்தது.

விஷமுறிவு மருந்தை ஏற்றினாள். சற்று நேரத்தில் அவருக்கு உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது. நான் கத்திவிட்டேன். அவள் மருந்தை நிறுத்தி, முன்பே எடுத்து வைத்திருந்த ஊசியைத் தொடையில் போட்டாள். என்னைப் பிடித்து விலக்கிய அவள் கை ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. "அக்கா, இது மருந்து ஒத்துக்காம வர்றது. இதுக்கும் மருந்து இருக்கு, போட்டாச்சு. மூச்சு சரியானதும் மறுபடி அதையே ஏத்துவேன். ஏத்தித்தான் ஆகணும்" என்றாள்.  சொன்னபடியே செய்தாள். பிறகு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி, அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

என் கணவர் பிழைத்தார். அவர் அபாயத்தைத் தாண்டிவிட்டார் என்று அங்கிருந்த டாக்டர்கள் சொன்ன மதியம், வார்டுக்கு வெளியே சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தவள் தொடர்ந்து நடுங்கினாள். தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்றாள். பிரசவமாக இருந்தாலும் சரி, மூச்சுத் திணறும் குழந்தையாக இருந்தாலும் சரி, வேலை முடிந்த பிறகு இந்த நடுக்கம் வந்துவிடுமாம்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எதுக்குடி இந்த வேலைக்கு வந்த?" என்று கேட்டேன்.

"பயம் போகும்னு வரலக்கா. பயந்தா கை என்ன செய்யணும்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

அவள் சொன்னவற்றில் நான் மறக்காமல் வைத்திருப்பது இதைத்தான். அவள் ஏன் டாக்டரானாள் என்று யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் கைகளில் நீலத் திட்டுகளைப் பார்த்தேன். எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றாள். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். தூக்கமில்லாத வேலை, சாப்பாடு நேரத்துக்கு இல்லை என்று நாங்கள் இருவருமே நம்பினோம். பிறகு ஒரு காலையில் போன் செய்து, லீவு போட்டுவிட்டு வர முடியுமா என்று கேட்டாள். ரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறாள். முடிவை அவளே பார்த்து, அவளே புரிந்துகொண்டிருக்கிறாள். ரத்தப் புற்றுநோய், வேகமாகப் பரவும் வகை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.  ஆபீஸிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டுவிட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"தோணுது. நேத்துப் பூரா அதான் தோணுச்சு. ஆபீஸ்ல இருந்தா, ஒடம்புல ரத்தம் இல்லன்னு முருங்கக்கீரயத் தின்னுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்." கொஞ்சம் சிரித்தாள். "ஆனா இப்ப உள்ள போனா, அவுக என்ன சொல்றாகன்னு எனக்குப் புரியும்க்கா. புரிஞ்சா ஒரு மூச்சு விட எடம் கெடைக்குது. அம்புட்டுத்தான். அதுக்குத்தான் இத்தன வருசம் படிச்சேன் போல."

சிகிச்சை தொடங்கியது. தலைமுடி போயிற்று. அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். கிருமி தொற்றிவிடும் என்று யாரையும் உள்ளே விடவில்லை. அப்படியும் தொற்றியது. நுரையீரலில் பிடித்துக்கொண்டது. கடைசி நாள் மாலை அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்தேன். முகத்தில் மாஸ்க். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. ஒரு நர்ஸ் அன்பாகத்தான், பயப்படாதீங்க டாக்டர் என்றார். அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "பயமா இருக்குக்கா. போயிராதீங்க" என்றாள். பார்வை நேரம் முடிந்திருந்தது. அந்த நர்ஸே என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். செயற்கை சுவாசத்துக்குக் குழாய் போட வந்து என்னை வெளியே போகச் சொல்லும்வரை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் பயமாக இருந்தது. வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் ஊருக்குப் போனேன். அவள் அம்மா இருளாயி அம்மாளைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். மகள் தைரியமாகப் போனாள், சிரித்த முகத்தோடு போனாள், டாக்டருக்குச் சாவெல்லாம் ஒரு பொருட்டா என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சாவு விழுந்த நாளிலிருந்து அழவே இல்லை என்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கடைசியா நீதான பாத்த தாயி. மறைக்காமச் சொல்லு. புள்ள பயந்துச்சா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தபிறகு சொல்ல முடியவில்லை. "பயந்தாம்மா" என்றேன். "பயமா இருக்குன்னு சொன்னா. போகாதீங்கன்னா. நான் போகல. கையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"பயந்தா அதுக்கு மூக்கு வெடைக்கும். பச்சப்புள்ளையில இருந்து அப்பிடித்தான். வெடச்சுச்சா?"

"வெடச்சுச்சும்மா."

"எனக்குத் தெரியும்" என்றார். "எல்லாரும் இல்ல இல்லங்கிறாக. அது என் புள்ளையே இல்லாத மாதிரி இருந்துச்சு." அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்க, வெகுநேரம் அழுதார். நான் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர் தோளில் கை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பயந்தவர்களிடம் பயப்படாதே என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக இப்போது என்னால் முடிவதில்லை. எனக்குப் பயம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் சொன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முத்துச்செல்வியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்.