தில்லைப் பால் தைலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எழுதினால் சாமியைப் பழிக்கிறான் என்பார்கள். மாமனார் இருந்தவரை வீட்டில் சண்டை வேறு வந்திருக்கும். இப்போது அவர் இல்லை. அம்பலவாணனை நான் ஒருநாளும் பழித்ததில்லை. இன்றும் திருநீறு பூசாமல் வாசல் தாண்டமாட்டேன். நான் பழிப்பது அவர் பெயரைச் சீசாவில் அடைத்து விற்றவனை. வாங்கியவரையும்தான்.

அறுபதுகளில் நாங்கள் கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். என் பெண்டாட்டியின் தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு எங்களோடு இருந்தான். ஒருநாள் துருப்பிடித்த தகரம் அவன் புறங்காலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். அப்புறம் என் பெண்டாட்டி கொல்லையில் கிடந்த வெட்டுக்காயப் பூண்டைக் கழுவிக் கசக்கிச் சாறு விட்டு வந்தாள். புண் ஓரத்திலிருந்து கூடி வந்தது. கால் ஊன்றினால்தான் மச்சானுக்குச் சோறு. அதனால் தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொள்வான்.

அந்த நேரம் பார்த்து, திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிருந்த மாமனார் ஒரு சீசாவோடு வந்து இறங்கினார்.

“தில்லைப் பால் தைலம், மாப்ள. கோயிலோட தல விருட்சம். எப்பேர்ப்பட்ட புண்ணும் ஆறிடுமாம்.”

நான் பிறந்தது சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரக் கிள்ளை. சிதம்பரத்துக்காரர்களுக்குத் தில்லை என்றால் கோயில். எங்களுக்கு அது உப்பங்கழியோரத்து மரம். விறகு வெட்டுகிறவன் அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவான். தோலில் பட்டால் கொப்புளம்.

“மாமா, அது விஷப்பாலு. தெரிஞ்ச வைத்தியன் பக்குவம் பண்ணிக் குடுத்தா அது வேற. தெருவுல விக்கிறதைத் தடவாதீங்க.”

“தில்லையில விஷமா? சிவன் தொண்டையிலகூடத்தான் விஷம் இருக்குது. அவரு இன்னா செத்தா போயிட்டாரு?”

பேச்சில் தோற்கிற இடத்தில் சாமியை முன்னால் நிறுத்திவிடுகிற ஆள் அவர்.

நான் வேலைக்குப் போனதும் தன் மகன் காலில் தடவிவிட்டார். அவன் அலறியிருக்கிறான். “எரியுதா? எரிஞ்சாத்தான்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று இன்னும் ஜாஸ்தி ஊற்றியிருக்கிறார். அடுப்பும்தான் எரிகிறது. அதற்காக அதில் காலை வைப்பார்களா?

மறுநாள் கால் முழுக்கக் கொப்புளம். அப்புறம் சீழ், வீக்கம், காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணைச் சுற்றிப் படர்ந்த கறுப்பு மேலே ஏறினால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். இனி பச்சிலையும் கூடாது என்றார். மச்சான் என் கையை விடவில்லை. “காலு போச்சின்னா நான் இன்னா மாமா பண்ணுவேன்?”

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மிச்சச் சீசாவை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். கீழவீதியில் தைலக்காரன் விற்றுக்கொண்டிருந்தான். நெற்றி நிறையப் பட்டை, கழுத்து நிறையக் கொட்டை.

“இதை உன் கையில கொஞ்சம் தடவிக் காட்டுய்யா.”

“எனக்குத்தான் புண்ணே இல்லியே, சாமி.”

“தடவு, வரும்.”

கூட்டம் சிரித்தது. அவன் அசரவில்லை. “பக்தி இல்லாதவனுக்குக் கொப்புளிக்கத்தான் செய்யும்” என்றான். உடனே, சிரித்தவர்களிலேயே ஒருவர், “அப்ப எனக்கு ஒரு சீசா குடு” என்று கை நீட்டினார். தன் பக்திக்குச் சாட்சி வேண்டும் போலிருக்கிறது.

ஆண்டவன் புண்ணியம், ஆஸ்பத்திரி மருந்து, கால் பிழைத்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. மூட்டை தூக்க முடியாமல் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனான்.

மாமனாரோ கல்யாண வீடு, கருமாதி வீடு பாக்கியில்லாமல், “தைலந்தான் கெட்ட ரத்தத்தை வெளிய தள்ளுச்சு. இல்லாட்டி காலே போயிருக்கும்” என்று சொல்லிவந்தார். அப்பாவாயிற்றே என்று மச்சான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். போகப்போக அந்தக் கதையில் ஆஸ்பத்திரியே காணாமல் போனது. கடைசியில், “எங்க மாப்ளயே சிதம்பரம் போயி இன்னொரு சீசா வாங்கியாந்தாரு” என்றார். அதைக் கேட்டு எத்தனை பேர் வாங்கப் போனார்களோ, யார் கண்டது.

ஆகையால் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் புதிதாகக் கையும் காலும் ஒட்டாமல் இருக்கிறபடியே சொல்லுங்கள். காலைக் கெடுத்தது தைலம். காப்பாற்றியது ஆஸ்பத்திரி. நான் சிதம்பரம் போனது சீசா வாங்க அல்ல.